அந்தச் சிரிப்பு யாரோடது

இல்லப்பா, சண்டைக்கு வரல. சன்னலச் சாத்தாத, நீ பாட்டுக்கு இழு. கீழ் வீட்டுக் கிழவன் மாடி ஏறி வந்தா வாடை வருதுன்னு கத்தத்தான் வருவான்னு நெனச்சியா. வாடை வரத்தான் செய்யுது. நீ குடிவந்த நாள்லேருந்து என் தலகாணி வரைக்கும் கஞ்சா வாடைதான். அதுக்காக வரல. இந்தக் கால வச்சிக்கிட்டுப் படி ஏறினதே பெருசு. அந்த வாளியக் கவுத்துப் போடு, உக்காந்துக்கறேன்.

ஒண்ணு கேக்கணும். அத இழுத்தா உனக்கு என்ன ஆகுது?

அட, நான் யார்கிட்டப்பா போய்ச் சொல்லப் போறேன். பெயிண்ட் கடைல டப்பா எடுத்துக் குடுக்கிறவன். பாக்கறவங்கள எல்லாம் இதத்தான் கேட்டுட்டு இருக்கேன், ரொம்ப வருஷமா. கடைக்கு வர்ற கொத்தனார் சொல்றான், உடம்பு பஞ்சாப் போயிடுமாம், செங்கல்லு எடையே இல்லாத மாதிரி இருக்குமாம். லாரிக்காரர் ஒருத்தர், சிவப்பு விளக்குல நின்னா அது பச்சை ஆகறதுக்குள்ள தன் கல்யாணம் முழுசும் மறுபடி நடந்து முடிஞ்சிடும்னாரு. பொண்டாட்டி விட்டுட்டுப் போன மனுசன். அந்தக் கண்றாவிய எதுக்கு மறுபடி பாக்கறீங்கன்னு நான் கேக்கல. ஓட்டல்ல பாத்திரம் கழுவுறவன் பசி பசின்னு பசிக்கும்ங்கறான். வெறும் ரொட்டியத் தின்னாக்கூட உப்பு தனியா, மாவு தனியா நாக்குல நிக்குமாம். எங்க மொதலாளி மச்சானுக்கு மட்டும் பயம் வருமாம், கதவுக்குப் பின்னாடி யாரோ நிக்கற மாதிரி. அவன் வீட்டுக்குத் தெரியாம இழுக்கறவன். நெசமாவே அவன் பொண்டாட்டி நின்னிருப்பா.

உனக்கு எப்படி?

பாட்டு நல்லாக் கேக்குமா. சரிதான். உன் பாட்டு கீழ வரைக்கும் கேக்கும். நிறுத்திடாத, எங்க வீட்ல வேற சத்தம் கெடையாது.

சிரிப்பு வருமா?

வரும்ல. அதச் சொல்லு. அது எங்கேருந்து வருது? பொகை உன்னச் சிரிக்க வைக்குதா, இல்ல உள்ள ஏற்கெனவே கெடந்தது வெளிய வருதா?

தெரியாதுன்னு சொல்லாத. யோசிச்சுச் சொல்லு. எனக்குக் கூடப்பொறந்தவன் ஒருத்தன், சின்னவன். ரெண்டு பேரும் உயரக் கட்டடத்துக்கு வெளிச்சுவர் பெயிண்ட் அடிச்சவங்க. ஒரு பலகை, ரெண்டு முனைலயும் கயிறு, ஆளுக்கு ஒண்ணு. எறங்கணும்னா நான் குரல் குடுப்பேன், ரெண்டு பேரும் ஒரே அளவு விடணும். சாண்னா சாண்தான். அன்னிக்குச் சோத்து வேளைல அவன் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போய் இழுத்துட்டு வந்திருக்கான். நான் சாண்னேன். அவனுக்கு அது சாணாத்தான் தெரிஞ்சிருக்கு. விட்டது ரெண்டு முழம். பலகை அவன் பக்கம் சாஞ்சுது. அவன் கயித்தப் புடிச்சுத் தொங்கிட்டான். நான் வழுக்கிக் கீழ் சன்ஷேடுல விழுந்தேன்.

விழுந்ததுக்குக் கோவமில்லப்பா. அந்த வேலைனா விழத்தான் செய்வோம். வெள்ளப் பெயிண்ட்டுல குளிச்சு, நான் ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக் கெடக்கறேன், மேல இவன் கயித்தக் கட்டிக்கிட்டுச் சிரிக்கறான். கண்ணுல தண்ணி வர வரச் சிரிக்கறான். ஆஸ்பத்திரி வண்டிலயும் அதே சிரிப்பு.

அப்புறம் ஆள் மேல ஆள் விட்டான். அண்ணே, நான் சிரிக்கல, அது சிரிச்சுதுன்னு. எங்கம்மாவும் சாகற வரைக்கும் அதையேதான் சொன்னா. சட்டில இருந்தாத்தான அகப்பைல வரும்னு சொல்லிட்டேன். அவன் மகன் கல்யாணத்துக்குப் போகல. அவன் பொண்டாட்டி செத்தப்பவும் தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். என் பையன்கூட, ஒரு சிரிப்புக்காப்பா இவ்வளவுன்னான். ஆமா, ஒரு சிரிப்புக்குத்தான். விழுந்தது அவனா? இப்ப என் பையனும் பேசறதில்ல.

அதான் கேக்கறேன், ஒரே ஒரு இழுப்பு குடு. நானே பாத்துடறேன். என் சட்டில சிரிப்புன்னு ஒண்ணு கெடையாது, கடைல யார வேணாக் கேட்டுப் பாரு. எனக்கே வந்துச்சுன்னா அவன் சொன்னது நெசம். அதோட விட்டுடலாம்.

போதை ஏற எவ்வளவு நேரமாகும்? அவ்வளவு நேரமா.

இல்ல, அவசரம்லாம் இல்ல. அவன் கீழ என் வீட்லதான் உக்காந்திருக்கான். சோத்து வேளைக்கு அப்புறம் வந்தான். தல பூரா நரைச்சுப் போச்சு. வாடை எதுவும் இல்ல, தெளிவாத்தான் இருக்கான். அண்ணேன்னான். நான் டீத்தூள் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டு இங்க ஏறிட்டேன்.

உன் சன்னல்லேருந்து என் வாசப்படி தெரியும்ல. கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லு, அவன் செருப்பு இன்னும் கெடக்குதான்னு. பழுப்பு நெறம், வார் அறுந்து தச்சது.