கழி உன்கிட்ட, படகு என்கிட்ட

– விளையாட்டு போதும் மச்சான். அந்தக் கழியைக் கொடு.

– கழி இங்கேதான் இருக்கும். நானும் இங்கேதான் இருப்பேன். நீ அங்கேயே சௌகரியமா உக்காந்திரு, செதுன்யா.

– யானை நிக்குதான்னு எட்டிப் பார்த்துட்டு வர்றேன்னு இந்தத் திட்டுல இறங்கினவன், கரையான் புத்து மேல ஏறி மன்னர் மாதிரி உக்காந்துட்டே. கழியில்லாம இந்தப் படகுல நான் என்ன செய்ய? கையால தண்ணியைத் தள்ளவா?

– தள்ளிப் பாரேன். முதலை வந்து கை குலுக்கும்.

– என்னைப் பத்தி நீ கவலைப்படாதே ராசா. படகு நாணல்ல சிக்கி ஆடாம அசையாம நிக்குது. எண்ணெயில பொரிச்ச மக்வின்யா பொட்டலம் என் மடியில. இப்பத்தான் ஒண்ணு பிச்சேன், உள்ள இன்னும் சூடு இருக்கு. சுத்தித் தண்ணியோட பசியில உக்காந்திருக்கறது யாரு?

– ஒண்ணே ஒண்ணு வீசு, புள்ள.

– கழியை வீசு. ரெண்டாவே தர்றேன்.

– சத்தியமா முடியாது. புல்லு அறுக்கப் போனவங்க பொழுது சாய இந்த வழியாத்தான் திரும்புவாங்க. அவங்க படகுல ஏறி வீட்டுக்குப் போவோம்.

– பொழுது சாயவா? வீட்டுல பொண்ணு கேட்டு வந்தவங்க காத்துக்கிட்டிருக்காங்க, திரோ.

– தெரிஞ்சேதான் செய்யறேன். வெயில் தாழறதுக்குள்ள பொண்ணு வந்து பெரியவங்க முன்னால சம்மதம் சொல்லலேன்னா வந்தவங்க எழுந்து போயிடுவாங்க. அடுத்த மழைக்கு அப்புறந்தான் மறுபடி வாயைத் தெறக்கலாம். உங்க வீட்டு வழக்கம்தானே?

– ஓகோ. மவுன் டவுன்ல கிளம்பினதுல இருந்து ஊமை மாதிரி கழி ஊணிக்கிட்டு வந்தியே, மண்டைக்குள்ள இந்தக் கணக்குத்தான் ஓடிச்சா?

– கேட்டு வந்திருக்கறது அந்த டோட்டெங் ஊரு மாட்டுக்காரன்தானே?

– யாரு சொன்னா?

– ஊரே சொல்லுது. நீ வேலை பாக்கற கடை வாசல்ல தெனமும் அவன் வண்டி நிக்குதாமே.

– ஊரே சொன்னா சரியாத்தான் இருக்கும்.

– சிரிக்காதே. அவன் பல்லைப் பாத்திருக்கியா? அவன் மாடாவது அழகா இருக்கும்.

– பல்லு கிடக்கட்டும். அவன்கிட்ட வண்டி இருக்கு. நல்ல சத்தமா ஹாரன் அடிக்கும்.

– அந்த வண்டியை இந்தத் தண்ணிக்குள்ள விடச் சொல்லு. ஹாரன் சத்தத்துக்கு நீர்யானை வழிவிடுதான்னு பாப்போம். என் கையில இருக்கறது வெறும் குச்சின்னு நெனச்சியா? தள்ளினா படகு போகும். குத்தினா ஆழம் தெரியும். படகு ஓரத்துல தட்டினா அடியில கிடக்கற நீர்யானை மூச்சு விட்டுக்கிட்டு மேல வரும். ராத்திரி தங்கற இடத்துல நட்டு வெச்சா மீன் காயப் போடலாம், கொசுவலை கட்டலாம்.

– மவுன் கடையில, 'உங்க மாமன் மகன் என்ன வேலை'ன்னு கேட்டாங்க. கழி ஊணுறான்னு சொன்னேன். மாட்டுக்கு வேலி போடறவன்னு நெனச்சு, எங்களுக்கும் ஒரு பக்கம் ஊணித் தரச் சொல்லுன்னாங்க.

– நீ என்ன சொன்னே?

– அவனுக்கு ஊணத்தான் தெரியும், கேக்கத் தெரியாதுன்னேன்.

– என்ன கேக்கத் தெரியாது?

– ஒண்ணுமில்ல. திரோ, அசையாதே. உன் முதுகுக்குப் பின்னால தண்ணி கொப்புளிக்குது.

– எங்கே? நீர்யானையா? பெரிசா? ஏ புள்ள, வாயைத் தெறந்து சொல்லேன்.

– தவளை.

– உன்னையெல்லாம்...

– கழியை எப்படிக் கட்டிப் புடிச்சிருந்தே தெரியுமா. டோட்டெங்காரன் பாத்திருந்தா வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போயிருப்பான், பாவம்னு. சரி, ஒரே ஒரு கேள்வி. ஒழுங்காப் பதில் சொல்லு. நான் அவனைக் கட்டிக்கிட்டா உனக்கென்ன?

– டோட்டெங் பக்கம் ஒரே புழுதி. உனக்கு இருமல் வரும்.

– அப்புறம்?

– அங்கே அல்லிக்கிழங்கு கிடைக்காது. கறியோட அது இல்லேன்னா உனக்குச் சோறு எறங்காது.

– அப்புறம்?

– அப்புறம்னா... நீ இல்லாத படகை நான் எங்கே கொண்டு போவேன்? சுத்திப் பாக்க வர்றவங்களை ஏத்திக்கிட்டு வருஷம் பூரா இந்தத் தண்ணியில திரியறேன். கடைசித் தள்ளு தள்ளறப்ப எல்லாம் படகு மூக்கு உன் வீட்டுப் பக்கமே திரும்புது. போதுமா? எனக்கு உன்னைத்தான் வேணும். பரிசம் போட மாடு கொஞ்சம் சேரட்டும், அப்புறம் ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவன் முந்திட்டான்.

– இதைச் சொல்ல உனக்கு ஒரு கரையான் புத்து தேவைப்பட்டுது பாரு.

– சொல்லிட்டேன். நீ இப்பப் பதில் சொல்ல வேணாம்.

– சரி சொல்ல வேணாம். கழியை எடுத்துக்கிட்டு வா, வீட்டுக்குப் போகலாம். நான் சொன்னா நீ செய்வே. சின்ன வயசுல இருந்தே நான் ரெண்டு தடவ கேட்டா மூணாவது தடவ கொடுத்துடுவே.

– அதுதான் எனக்கும் பயம்.

– வா மச்சான்.

– வேணாம், அப்படிக் கூப்பிடாதே. என்னை எனக்கே நம்ப முடியல. நீ இன்னொரு தடவ அப்படிச் சொன்னா நானே உன்னைக் கொண்டுபோய் அவன் ஆளுங்க முன்னால இறக்கி விட்டுடுவேன். அது நடக்காம இருக்க இதுதான் வழி.

– என்ன பண்றே? எந்திரிக்காதே. திரோ, கையை இறக்கு. வீசாதே, ஒரு விஷயம் சொல்லணும், இரு...

– வீசியாச்சு. அதோ, ஓட்டத்துல விழுந்திருச்சு. இனிமே நானே நெனச்சாலும் முடியாது. அப்பாடா, சத்தியமா இப்பத்தான் மூச்சு வருது.

– போயிடுச்சா?

– வளைவு தாண்டிப் போயிடுச்சு. என்ன, அழறியா? சிரிக்கறியா?

– எதைச் செய்யறதுன்னு தெரியல. உங்கம்மாகிட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்தது எவ்வளவு பெரிய தப்பு. 'பேச்சு முடியற வரைக்கும் மாப்பிள்ளை காதுக்குப் போகக் கூடாது. தெரிஞ்சா மாடு சேரலேன்னு சொல்லி ஆளுங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவான்'னு சொன்னாங்க.

– எங்கம்மாவா? அவங்க எதுக்கு டோட்டெங்காரனுக்காக உன்கிட்ட சத்தியம் வாங்கணும்?

– டோட்டெங்காரன் கடைக்கு உப்பு வாங்க வர்றவன், மச்சான். எங்க வீட்டு முத்தத்துல கோட்டுப் போட்டுக்கிட்டு, வெயில் தாழறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது உன் தாய்மாமன், உனக்காக.