ஆஸ்பத்திரித் தொட்டி

உங்கள் ஸ்டேஷன் முன்னறையில் இருக்கும் மீன் தொட்டியைப் பார்த்தேன், மேடம். அந்த கோல்டுஃபிஷ் வாலில் உப்புத் தூவியது போல வெள்ளையாக இருக்கிறதே, அது வெள்ளைப்புள்ளி நோய். இன்றைக்கே கவனித்தால் பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் முழுவதையும் மாற்றச் சொல்லாதீர்கள். எல்லோரும் பதறிப்போய் அதைத்தான் செய்வார்கள், மீன் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். கால் பங்கு மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும். கொஞ்சம் கல் உப்பு. தீனியைக் குறைக்க வேண்டும். நோயில் சாகிற மீனைவிட, பிரியமாகத் தீனி போட்டுச் சாகடிக்கப்படுகிற மீன்கள் அதிகம்.

என் மனைவியைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். மீனிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

கீழ்க்கட்டளையில் ஏரிப் பக்கம் போகிற தெருவில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறேன். அப்பா விற்றது போக மிஞ்சிய நிலத்தில் கட்டிய கடை. பக்கத்துக் கடைகளும் எங்களுடையதுதான், வாடகை வருகிறது. ஆகவே நான் செய்த எதையும் காசுக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அது மட்டும் தவறாகப் போய்விடும்.

கடையின் பின்னறையில் ஒரு தனித் தொட்டி உண்டு. எங்கள் தொழிலில் அதை ஆஸ்பத்திரித் தொட்டி என்போம். நோய் கண்ட மீனை மற்ற மீன்களிடமிருந்து பிரித்து அதில் விடுவோம். தெம்பாக இருக்கும் மீன் மனிதனைப் பார்ப்பதில்லை. தீனிக்கு வரும், தின்றதும் திரும்பிக்கொள்ளும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீங்கள் நின்றாலும் ஒரு நாற்காலி நின்றாலும் அதற்கு ஒன்றுதான். சீக்கு மீன் அப்படி இல்லை. ஓரமாக ஒதுங்கி, செவுள் மேலும் கீழும் போக, உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் கையை விட்டால் உள்ளங்கையில் வந்து சாய்ந்துகொள்ளும். பின்னறையில் ஸ்டூல் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை.

குரோம்பேட்டையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் தொட்டி வைத்துக் கொடுத்தேன். ஒருமுறை மீன்களுக்குத் துடுப்பு அழுகல் வந்து, தினமும் போய்ப் பார்த்துச் சரிசெய்தேன். வரவேற்பில் இருந்த தீபா என்கிற பெண் நான் உள்ளே நுழைந்ததுமே எழுந்துவிடுவாள். "வந்துட்டீங்களா அண்ணா, காலைலேர்ந்து உங்களத்தான் பாத்துட்டு இருக்கேன்." மீன்கள் தேறின. அடுத்த முறை போனபோது அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல்லாம் நல்லா இருக்குண்ணா. வேணும்னா கூப்பிடறோம்."

கூப்பிடவில்லை. கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு, இலவசமாக என்று சொல்லி, ஆஸ்பத்திரித் தொட்டியிலிருந்து ஒரு மீனைக் கொண்டுபோய் அங்கே விட்டேன். அந்த வாரமே போன் வந்தது. தீபா அழுதுவிடுவாள் போலப் பேசினாள். நான் போனேன். பாதி மீன்களைக் காப்பாற்றினேன். வேறு யார் போயிருந்தாலும் அத்தனையும் செத்திருக்கும்.

அதற்குப் பிறகு சில வீடுகளிலும் அப்படிச் செய்ததுண்டு. கேட்டால் சொல்கிறேன்.

ஹேமாவதி கணக்கு டீச்சர். கெட்டிக்காரி. காலையில் சமைத்து வைத்துவிட்டு, எங்கள் மகள் மிருதுளாவுக்குத் தலை பின்னிவிட்டு, ஸ்கூட்டியில் கிளம்பிப் போவாள். சாயங்காலம் டியூஷன். "சாப்ட்டீங்களா" என்று கேட்பாள், பதில் வருவதற்குள் அடுத்த அறைக்குப் போயிருப்பாள். குறையாகச் சொல்லவில்லை. நல்ல மனுஷி. நான் அந்த வீட்டில் இருக்கிறேனா என்று அவள் கவனிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் சாக்கடையும் குடிதண்ணீரும் கலந்து நிறையப் பேருக்கு டைபாய்டு வந்தது. அவளுக்கும் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு நான்தான் பார்த்துக்கொண்டேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன், கஞ்சி வைத்தேன், கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். ஒரு மத்தியானம் நான் எழுந்தபோது அவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கயும் போகாதீங்க. இங்கயே இருங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவள் தூங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு குணமானாள். மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுத்தது நான்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு திங்கட்கிழமை புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இன்னிலேர்ந்து ஸ்கூல் போறேங்க. நீங்க போய்க் கடையைப் பாருங்க. எனக்கு இனிமே ஒண்ணும் வேண்டியதில்ல." சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஸ்கூட்டி தெருமுனை திரும்புகிறவரை நான் கேட்டருகே நின்றுகொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தொட்டியின் அடியில் கசடு படியும். தின்னாத தீனி, கழிவு, செத்த மீனின் துணுக்குகள். ரப்பர் குழாய் வைத்து அதை உறிஞ்சி வெளியே எடுப்போம். அந்தத் தண்ணீர் பார்க்க அவ்வளவு மோசமாக இருக்காது. அதில் ஒரு ஸ்பூன். முதல் தடவை அவளுடைய மோரில் கலந்தேன். வாந்தியும் காய்ச்சலுமாக அவள் படுத்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். அவளுக்காகக் கவலைப்பட்டேன், மேடம். அது நிஜமான கவலை.

தேறினாள். வேலைக்குப் போனாள். மறுபடியும் கொடுத்தேன். டாக்டர்கள் வயிறு பலவீனம் என்றார்கள், மனக்கவலை என்றார்கள். ஒரு கட்டத்தில் அவளே வேலையை ராஜினாமா செய்துவிட்டாள். எதிர்வீட்டு கங்கையம்மாள் வாசலில் என்னை நிறுத்தி, "இன்னா தொளசி, இப்டி ஓடியாந்து ஓடியாந்து பாத்துக்கினு கீற. உன்னமாதிரி புருசன் எவளுக்குக் கெடைக்கும்" என்பாள். தெருவே அப்படித்தான் பேசியது. நான் எதையும் மறுக்கவில்லை, மறுக்க என்ன இருக்கிறது? ராப்பகலாகப் பார்த்துக்கொண்டது உண்மைதானே.

ஹேமாவின் தங்கை தமிழினி கோவிலம்பாக்கத்தில் இருக்கிறாள். மிருதுளாவுக்குப் பரீட்சை லீவு விட்டதும் அம்மா, மகள் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கே ஹேமாவுக்குப் பசி எடுத்தது. மாடிப்படி ஏறினாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். போனில் அவள் குரல் பழையபடி ஆகிவிட்டது. நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் யாரிடமோ சிரித்துப் பேசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபன் டப்பாவில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த ஞாயிறும் போனேன். இரண்டு தடவையும் மறுநாள் அவள் படுத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை தமிழினி வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போனாத்தான் அக்காவுக்கு வருது."

ஹேமா உள்ளே கட்டிலில் இருந்தாள். மெலிந்த குரலில் அங்கிருந்தே சொன்னாள். "வாய மூடுடி. அவர் இல்லன்னா நான் என்னிக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன். யாரப் பாத்து என்ன பேசற?" பிறகு என்னிடம், "என்னங்க, ஆட்டோ கூப்பிடுங்க. நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை. அவளாகத்தான் வந்தாள். தமிழினி மிருதுளாவை மட்டும் அனுப்ப மாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்டாள். நான் கொண்டுபோன டப்பாவும் அங்கேயே தங்கிவிட்டது. அதைத்தான் தமிழினி பிறகு உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

கடைசி வாரம் நான் ஒன்றும் கொடுக்கவில்லை. தேவைப்படவில்லை. காய்ச்சல் தானாகவே ஏறியது. ஒரு மத்தியானம் அவளுக்குக் குளிர் எடுத்து உடம்பு தூக்கிப் போட்டது. கை கால் சில்லிட்டு, நகங்கள் நீலமாகிவிட்டன.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க," என்றாள்.

"சாயங்காலம் போலாம்மா."

"இப்பவே போலாங்க. எனக்கு முடியல."

சீக்கான மீனை இடம் மாற்றக் கூடாது என்று வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் கூட்டிப் போகவில்லை என்று உங்கள் எஸ்.ஐ.யிடம் நேற்றுச் சொன்னேன். அது சரியில்லை, மாற்றிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். யாராவது ஒரு நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். வீட்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எலும்பு நோக இறுக்கமாக. கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. வெளியே ஆட்டோ போகிற சத்தம் கேட்டபடி இருந்தது. கூப்பிட்டிருந்தால் நின்றிருக்கும். நான் கூப்பிடவில்லை. வெயில் சுவரை விட்டு இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

இரத்தத்தில் கிருமி பரவிவிட்டதாக உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அந்தக் கிருமியைக் கொடுத்தது நான். அவளைக் கொன்றது நான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். மிருதுளா தமிழினி வீட்டிலேயே இருக்கிறாள். அம்மா போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம், யாரோடும் பேசாமல் சுருண்டு படுத்தே கிடக்கிறாளாம். நேற்று அவளை இங்கே கூட்டி வந்தபோது பார்த்தேன். தூணோரமாக ஒதுங்கி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா அவளுக்குத் தேவைப்படுகிற நேரம் இது, மேடம். எனக்கு ஜாமீன் எப்போது கிடைக்கும்?