வயிற்றுக்குள் கள்ள வாய்க்கால்

பிள்ளைகளே, பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் புத்தூர்த் தோட்டக்காரர் ஒருவரும் மனைவியும் இருந்தார்கள்.

“உந்தப் புற்றுநோய் ஊசி எனக்கு வேண்டாம். இறங்குவம்,” என்றார் அவர்.

“டொக்டர் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே? வயித்துக் கட்டி தனக்கெண்டு புது ரத்தக்குழாய் இழுத்துத்தான் வளருதாம். ஊசி மருந்து அதை மறிக்குமாம்.”

“என்ன, கள்ள வாய்க்கால் வெட்டுதோ?”

“ஓம்.”

“எங்கடை வெங்காயத்துக்கு ஓடுற தண்ணியைத் தன்ரை தோட்டத்துக்குத் திருப்பிற பக்கத்துக் காணிக்காரன் மாதிரியோ?”

“ஓமப்பா, அச்சு அசல் அவன்தான்.”

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். “டிரைவர் தம்பி, கெதியா விடும்! வாய்க்கால் மறிக்கோணும்!”

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி அவரை இழுத்து இருத்தினார்.

“இருங்கோ. மண்வெட்டி டொக்டரிட்டை இருக்கு.”