கைரேகைக்கு ‘யெஸ்’

முதன்முறையாக ஒரு கணினிக்குப் பாதுகாப்பாகக் கோப்பு அனுப்பும்போது, அந்தக் கணினி தன் அடையாளமாகக் கைரேகை என்ற பெயரில் ஓர் எண்ணைக் காட்டும். அங்கிருப்பவரிடம் தொலைபேசியில் கேட்டு, ஒப்பிட்ட பிறகே சம்மதம் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி யாழ்ப்பாணத்துக்கு அப்பால் தீவிலுள்ள வேலணைவரை வந்து சேர்ந்திருக்கவில்லை.

2007இல், தீவிலிருந்து யாழ்ப்பாண நகருக்குள் நுழையும் பண்ணைப் பாலத்து இராணுவச் சோதனைச்சாவடி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வேலணை அலுவலக எழுதுவினைஞர், அருகில் நின்ற பெண்ணிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“கைரேகை சரியோ எண்டு கேட்டது, அக்கா. என்ரையைத்தான் ஆமி முகாமிலை எப்பவோ எடுத்திட்டாங்களே எண்டு யெஸ் அடிச்சனான்.”

“உமக்கென்ன விசரே? அது அந்தக் கணினியின்ரை கைரேகை.”

“சீடியிலை கொண்டு வந்தா இஞ்சை பிடிபடும் எண்டுதானே லைனிலை அனுப்பினனான்.”

“என்ன கோப்பு?”

“பிள்ளையளைக் காணேல்லை எண்டு முறைப்பாடு தந்த ஆக்களின்ரை பேர், விலாசம்.”

அவர் திரும்பிப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

“போய்ச் சேர்ந்ததோ?”

“நூறு வீதம் போனதெண்டு காட்டினது. தைப்பொங்கலுக்கு முதல் அனுப்பினனான். யாழ்ப்பாணக் கந்தோரிலையிருந்து இப்பதான் பதில்.”

மடித்த கடிதத்தை நீட்டினார். அந்தப் பெண் மெதுவாக வாசித்தார்: “எமக்கு எந்தக் கோப்பும் கிடைக்கவில்லை. மீண்டும் அனுப்பவும்.”

“அப்ப அது ஆரிட்டைப் போனது?”

எழுதுவினைஞர் சாவடியில் நின்ற சிப்பாய்களைப் பார்த்தார்.

“இதைக் கிழிச்சு எறியும்.”

“ஏலாது அக்கா, எங்கடை கந்தோரிலை முத்திரை குத்திப் பதிஞ்சாச்சு.”

வரிசை நகர்ந்தது. கடிதத்தின் மூலையில் முத்திரையை நானும் பார்த்தேன்: கிடைத்தது, மார்ச் 9.