கங்கையாவின் பெட்டி

கரண்ட் போய் நின்ற அசெம்பிளி லைன் மறுபடி எப்போது ஓடுமோ, யாருக்குத் தெரியும்? அட்டைப்பெட்டிகளை இழுத்துப் போட்டு உட்காருங்கள்... இன்னும் நெருக்கமாக. அந்த எமர்ஜென்சி விளக்கு மட்டும் எரியட்டும்.

இது நம் கோபிகிருஷ்ணனின் மச்சான் பவன்குமாருக்கு நடந்தது. கோபி இதோ, என் பக்கத்தில்தான் இருக்கிறான். பொய்யென்றால் இப்போதே சொல்லட்டும்.

தலையாட்டுகிறான். பார்த்தீர்களா?

மணி பதினொன்று நாற்பது. புத்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் போகும் சாலை. இரண்டு பக்கமும் மாந்தோப்பு. எதிரே ஒரு லாரி கிடையாது. குரைக்க ஒரு நாய் கிடையாது. பவனின் பைக் மட்டும். ஹெல்மெட் கண்ணாடியில் பூச்சிகள் மோதுகிற சத்தம்... டிக்... டிக்...

அந்த நேரத்தில் அவனைக் கிளப்பியது ஒரு போன்.

“சார், பழனி பேசறேன். பொட்டி மறுபடியும் அவரு கொரல்லயே கத்துது சார். அந்தம்மா கடப்பாரையோட வந்து நிக்குது. ஒடச்சிட்டா நாங்க காலி சார். பதினோரு சாமி ஏரிக்கரையில நிக்குதாம்.”

சாமி என்றால் யானை. காட்டோரத்தில் இருட்டிய பிறகு யாரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டார்கள்.

பவனுக்குத் திருப்பதியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. யானை வந்தால் எச்சரிக்கிற பெட்டிகளை வயலோரக் கம்பங்களில் மாட்டுவார்கள். பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். வெளியே ஒரு கேமரா, உச்சியில் ஒரு ஹாரன். பெரிதாக ஏதாவது அசைந்தால் ஹாரன் அலறும். அந்த வயலில் முதலில் சைரன்தான் வைத்தார்கள். பத்தே நாளில் யானைகளுக்கு அது பழகிவிட்டது. மனிதக் குரலுக்குத்தான் மிரண்டன. அதனால் காவல்காரர் கங்கையாவையே கத்தச் சொல்லிப் பதிந்தார்கள்.

“ஏய்ய்ய்... போ சாமி! காட்டுக்குப் போ சாமி!”

போன மார்கழியில், அதே வயலில், கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த கங்கையா மிதிபட்டுச் செத்தார். அன்று ராத்திரி பெட்டி கத்தவில்லை. ஏனென்று தெரியாது.

மறுநாள் ராத்திரியிலிருந்து ஒழுங்காகக் கத்தியது.

அவர் மனைவி கங்கம்மாவின் வீடு வயலை ஒட்டியே இருந்தது. பவனைக் கண்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “செத்த மனுசன் தெனம் ராத்திரி கத்திக்கினு கீறாரு பாபு. நான் எப்பிடித் துன்றது? எப்பிடித் தூங்கறது? அவர நிறுத்திடு.”

நிறுத்தத்தான், பழனி போன் செய்த அன்று காலையில் அவன் போயிருந்தான். அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு இடங்களிலிருந்து பூட் ஆகும். ஒன்று, வெளியிலிருந்து செருகுகிற மெமரி கார்டு. இன்னொன்று, போர்டின் மேலேயே பொருத்தியிருக்கும் நகம் அளவுச் சிப். எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று சொல்ல, தீக்குச்சித் தலை அளவில் ஒரு ஸ்விட்ச். இந்தப் பக்கம் தள்ளினால் கார்டு. அந்தப் பக்கம் தள்ளினால் சிப். சிப்பில் இருந்தது கங்கையாவின் குரல். பவன் புதிதாகக் கொண்டுபோன கார்டில் தேனீக் கூட்டத்தின் இரைச்சல். யானைக்குத் தேனீ என்றால் ஆகாது.

ஸ்விட்சைக் கார்டு பக்கம் தள்ளினான். பெட்டி கிளம்பும்போதெல்லாம் ஒரு தடவை சத்தம் போட்டுப் பார்த்துக்கொள்ளும். தேனீ இரைந்தது. பெட்டியைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டான். சிப்பை மட்டும் அழிக்கவில்லை.

ஏன் அழிக்கவில்லை என்று கேட்கிறாயா, ரூபா? பழனியும் கேட்டானாம். “இருக்கட்டும்பா. ஒண்ணு செத்தா இன்னொண்ணு எழுந்துக்கும்” என்று பவன் சிரித்தானாம்.

இந்தப் பழனி புதுக் காவல். நாகலாபுரத்துப் பக்கம். வேலைக்கு வந்து பத்தே நாள். கங்கையாவின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவன் வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கம்பத்தடியில் கங்கம்மா. கையில் கடப்பாரை. அழவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டைத் திறந்து டார்ச் அடித்தான்.

ஸ்விட்ச் சிப் பக்கம் இருந்தது.

“யாருடா தொட்டது?”

“சாவி உங்க கிட்டதான சார் கீது!”

வாஸ்தவம். பவன் ஸ்விட்சைக் கார்டு பக்கம் தள்ளினான். தேனீ இரைந்தது. ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டினான். பூட்டினான். மூன்று பேரும் கம்பத்தடியிலேயே உட்கார்ந்தார்கள்.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். பூட்டிய பெட்டிக்குள்ளே... க்ளிக். நகத்தால் சுண்டியது போல. பச்சை விளக்கு அணைந்தது. எரிந்தது.

“ஏய்ய்ய்... போ சாமி!”

கங்கம்மா கடப்பாரையை ஓங்கிவிட்டாள். பவன் குறுக்கே பாய்ந்தான். “வேணாம்மா! சிப்பையே கழட்டித் தந்துடறேன். அவரு அதுக்குள்ளதான் இருக்காரு. நீயே வெச்சிக்கோ.”

திறந்தான். டேப் ஒட்டியபடியே இருந்தது. அதற்கு அடியில் ஸ்விட்ச் மட்டும் மறுபக்கம். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. பவரை நிறுத்தினான். சிப்பை நெம்பி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதை உற்றுப் பார்த்தாள். “இவ்ளோதானா?” என்றாள். முந்தானை நுனியில் முடிந்துகொண்டு இருட்டில் நடந்து போனாள்.

பழனியும் கொட்டாவி விட்டபடி போய்விட்டான். அவன் கட்டில் நூறடி தள்ளி, மாமரத்தடியில்.

ஸ்விட்சைக் கார்டு பக்கம் தள்ளிப் பவரைப் போட்டான் பவன்.

கிளம்பவில்லை. சிவப்பு விளக்கு.

அணைத்துப் போட்டான். சிவப்பு. கார்டைப் பிடுங்கி, ஊதி, திரும்பச் செருகினான். சிவப்பு. காலையில் ஒழுங்காக ஓடிய கார்டு! சிப்பையும் கழற்றிக் கொடுத்தாகிவிட்டது. இனி எழுந்துகொள்ள இன்னொன்று இல்லை.

அப்போது காற்று திரும்பியது. ஈரச் சாணியும் நசுங்கிய மாந்தழையும் கலந்த வாடை. தூரத்தில் ஒரு கிளை... மடக்.

இன்னொன்று. இன்னும் கிட்டத்தில்.

“பழனி!” என்று கூப்பிட நினைத்தான். தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. மாமரத்துக்குப் பின்னால் இருட்டு அசைந்தது. இருட்டே அசைந்தது, அவ்வளவு பெரிதாக. கட்டிலில் பழனியின் குறட்டை.

கடைசித் தடவையாகக் கார்டை உருவிச் சட்டையில் தேய்த்தான். கார்டு இவன் விரல்களுக்கு நடுவில். சிப் கங்கம்மாவின் முந்தானையில். போர்டில் இரண்டு இடமும் காலி.

பச்சை விளக்கு எரிந்தது.

ஹாரன் கத்தவில்லை. மெல்ல, காதோரம் பேசுகிற மாதிரி...

“பழனி... எழுந்துரு... பழனி... மோட்டு மேல ஓடு...”

பழனி துள்ளி எழுந்து ஓடினான். அவன் மேட்டில் ஏறுவதற்குள் கட்டில் நொறுங்குகிற சத்தம் கேட்டது. முதலில் கால்கள், பிறகு சட்டம்... நிதானமாக, ஒவ்வொன்றாக.

மூச்சு விடுங்கள். பழனி பிழைத்துவிட்டான். கங்கையாவின் குரலில் பதிந்தது ஒரே ஒரு கத்தல்தான். அதில் பழனியின் பேர் எப்படி வந்தது? பவன் வேலையை விட்டுவிட்டான், கேட்காதீர்கள்.

பெட்டி இன்னும் அந்தக் கம்பத்தில்தான் இருக்கிறது. கிட்டே போகிற தைரியம் யாருக்கும் இல்லை. கார்டும் இல்லை, சிப்பும் இல்லை, பச்சை விளக்கு மட்டும் எரிகிறது.

கோபியின் போன் ஷிப்ட் ஆரம்பத்திலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறதே, கவனித்தீர்களா? கூப்பிடுவது பவன், முதல் தடவை மட்டும் கோபி எடுத்துக் கேட்டான். அவனைக் கூப்பிட்டது பழனி. ஏரிக்கரையில் மறுபடியும் சாமி வந்து நிற்கிறதாம்.

அன்றிலிருந்து சாமி வரும்போதெல்லாம் பழனியைப் பேர் சொல்லி எழுப்பிய பெட்டி, மூன்று ராத்திரியாக அவனைக் கூப்பிடுவதில்லையாம். கங்கம்மா தன் வீட்டுக் கட்டிலைத் தூக்கிவந்து மாமரத்தடியில் போட்டிருக்கிறாள், பழையது நொறுங்கிய அதே இடத்தில். யார் சொல்லியும் கேட்கவில்லை. முந்தானை முடிச்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கம்பத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாளாம். இருட்டியதும் ஹாரன் மெல்லப் பேசுகிறதாம்.

பழனியை எழுப்பிய அதே குரல்.

“கங்கம்மா... படுத்துக்கோ.”