ஷார்ஜாக் கடைக்கு ஒரு கையெழுத்து

சகீலாத்தா கையெழுத்து ஒண்ணுதான் பாக்கின்னு என் தம்பி அல்தாஃப் சொல்லி அனுப்புனானாக்கும்? போடலாம் சாரே, முதல்ல சாயாவைக் குடிங்க. காக்கநாட்டுலேர்ந்து இந்த வெயில்ல மட்டாஞ்சேரி வரைக்கும் வந்திருக்கீங்க. அந்த லேப்டாப்பை மூடுங்க. புதுக் கடைப் படமெல்லாம் பாத்தாச்சு. வெள்ளை அலமாரி, கண்ணாடிக் கதவு, வாசல்ல எங்க அத்தா பேரு. நல்லாத்தான் இருக்கு.

கம்பெனியில தம்பிக்குப் பாதி, எனக்குப் பாதி. சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையா ஏத்தி அனுப்புறவங்க நாங்க. அம்பது கிராம் பாக்கெட் போட்டு வித்ததே கிடையாது. அவனுக்கு ஷார்ஜாவுல சூப்பர்மார்க்கெட் தொறக்கணுமாம். எப்படி முடிவு பண்ணுனான்னு கேளுங்க. பெருநாளுக்கு முந்தின வாரம் அங்க போய் ஒரு மால்ல நின்னு பாத்தானாம், கூட்டம் தாங்கலையாம். பெருநாள் சமயத்துல எங்க சந்து வளையல் கடையிலகூடத்தான் கால் வைக்க முடியாது. அதுக்காக அதையும் கப்பல்ல ஏத்துவானா?

என்னது? நீங்க மார்க்கெட் ஸ்டடி பண்ணியிருக்கீங்களா? சரி. அந்தக் கடைக்கு மேனேஜர் யாருன்னு அதுல இருக்குல்ல? பரீத். என் வீட்டுக்காரர். இருபது வருஷத்துக்கு மேல அதே ஊர்ல கிடந்துட்டு, போன நோன்புக்குத்தான் ஒரேயடியா வந்தாரு. எங்க ஹிஸானா அவரைக் கண்டா இன்னும் விருந்தாளி வந்த மாதிரி ஷாலை இழுத்துப் போடுறா, பெத்த மக. சோத்துத் தட்டு எந்த அலமாரியில இருக்குன்னு இப்பத்தான் கேக்காம எடுக்கறாரு. அதுக்குள்ள திரும்பவும் விசா, திரும்பவும் பெட்டி. இந்தக் கையெழுத்தைப் போட்டா நான் அதுக்குத்தானே போடறேன்?

சத்தமாப் பேசுறேனா? பேசுவேன். உங்களைத் திட்டலை சாரே. அல்தாஃபையும் திட்டலை. அவனுக்கு இதெல்லாம் தானாத் தோணுமா, பாவம்.

பின்னே யாரையா?

அந்தத் திரை ஆடுது பாருங்க. ஃபேன் காத்துன்னா நெனச்சீங்க? நீங்க வந்ததுலேர்ந்து அதுக்குப் பின்னாடிதான் நிக்கறாரு. ஷார்ஜாவுல கடை போடுவோம் மச்சான், நான் போய்ப் பாத்துக்கறேன்னு என் தம்பிகிட்டப் போய்க் கேட்டதே அவருதான். எங்கிட்ட இன்னும் சொல்லலை. எனக்குத் தெரியும்னும் அவருக்குத் தெரியாது, இந்த நிமிஷம் வரைக்கும்.

பேனாவைக் குடுங்க. இந்த வீட்டுல இருக்க முடியலைன்னு வெளிய வந்து என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும், போட்டுத் தரேன்.

நீங்க குடிங்க, சாயா ஆறுது.