அண்ணன் விட்டுப்போன ஏழு

தலைமை ஏற்றிருக்கும் பதிப்பக நிர்வாகி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, நாற்காலி போதாமல் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கும் அச்சகத் தோழர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

பக்க அமைப்புப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவன் நான். நமது தலைமை எழுத்துரு வடிவமைப்பாளர் பாதம் அண்ணன் சென்ற வாரம் நம்மை விட்டுப் போய்விட்டார். அழத்தான் வந்தேன். ஆனால் எதை நினைத்தாலும் சிரிப்பு முந்திக்கொள்கிறது. அண்ணி மன்னிக்க வேண்டும்.

அவருக்கு ஏன் பாதம் என்று பெயர் வந்தது? எழுத்தின் கோடு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம் வைப்பார்களே, செரிஃப் என்பார்களே, அதற்காகவே வாழ்ந்த மனிதர் அவர்! "எழுத்து தரையில ஊணி நின்னாத்தான் வரி நேராப் போகும், கண்ணும் பின்னாடியே போகும்" என்பார். அகராதி, பாடநூல், நாவல், நீதிமன்ற அறிவிப்பு என்று நாம் அச்சடித்ததில் பாதி அவர் வரைந்த பாதங்களின் மேல்தான் நின்றது. படித்தவர்களில் யாராவது கவனித்தார்களா? ஒருவரும் இல்லை! அதில்தான் அவருக்குப் பெருமை. "எழுத்தைப் பாத்துட்டாங்கன்னா கதையை விட்டுட்டாங்கன்னு அர்த்தம்டா" என்பார்.

மலிவுக் காகிதத்தில் மை ஊறிப் பரவும். அதற்காக எழுத்தின் உள்மூலைகளில் முன்கூட்டியே ஒரு துளி இடம் வெட்டி வைப்பார். கணினித் திரையில் பார்த்தால் எலி கடித்த மாதிரி இருக்கும். அச்சில் வந்தால் அப்பழுக்கு இருக்காது. முதல் வாரம் நான் அதைப் பிழை என்று நினைத்து, நாற்பது எழுத்துகளைக் கர்மசிரத்தையாக அடைத்துக் கொடுத்தேன். அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

ஒருமுறை ஒரு மருந்துக் கடைக்காரர், வேறெங்கோ அச்சான இருமல் மருந்துச் சீட்டோடு வந்தார். "சார், இது ஒண்ணா, ஏழா? எத்தனை மில்லின்னு சொல்றது?" அண்ணன் அந்தச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்று என்ற எண்ணை அகலமான பாதத்தோடு புதிதாக மூன்று மாதம் வரைந்தார். நிர்வாகி அவர்கள் இங்கேயே இருக்கிறார், அவரே சொல்வார். "ஒரு ஒண்ணுக்கு மூணு மாசமா?" என்று கேட்டார். அண்ணன் சொன்ன பதில்: "குடிக்கிறவன் ஒரே மடக்குல குடிச்சிடுவான் சார். நாமதான் மெதுவாப் பண்ணணும்."

எழுத்துரு சரியா இல்லையா என்பதற்கு அவரிடம் ஒரே ஒரு சோதனைதான் உண்டு. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் அண்ணியைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். அண்ணி எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஒரு பென்சில் புள்ளி. "அவ மேல தப்பே இருக்காது, எழுத்து மேலதான்" என்பார். அண்ணி என்னிடம் ஒருநாள் அலுத்துக்கொண்டார்: "கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு காபியைச் சூடாக் குடிச்சதில்ல தம்பி. மறுபடி படி, மறுபடி படின்னு உயிரை வாங்குறாரு!"

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த அண்ணியின் பார்வை மங்கியது. பூதக்கண்ணாடி வைத்தும் ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை. ஒருநாள் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். மறுநாள் அண்ணன் தன் பழைய எழுத்துருவையே முதலிலிருந்து வரையத் தொடங்கினார். "பெருசாக்கினா மட்டும் போதாதுடா. எழுத்துக்குள்ள காத்து வேணும்" என்றார். மெல்லிய கோடுகளைத் தடிப்பாக்கினார். உள்ளிருக்கும் வெள்ளை இடத்தை அகலமாக்கினார். எல்லா எழுத்தும் முடிந்தது. பத்து எண்களில் ஒன்பதும் முடிந்தன. ஏழு மட்டும் பாக்கி. ஆறு முறை வரைந்து ஆறு முறையும் அவரே கிழித்துப் போட்டார். அதோடு போய்விட்டார்.

அந்த வேலை அப்படியே கிடந்துவிடுமோ என்று பயந்தோம். மூன்று நாள் அவர் மேசைப் பக்கமே என்னால் போக முடியவில்லை. நான்காம் நாள் நாங்கள் நால்வர் சேர்ந்து அந்த ஏழு என்ற எண்ணை வரைந்தோம். இப்போது உங்கள் கையில் இருக்கும் நினைவுத்தாள் முழுவதும் அந்த எழுத்துருவில்தான் இருக்கிறது.

கூட்டம் தொடங்குமுன் முதல் தாளை அண்ணியிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடி இல்லாமல் சத்தமாக வாசித்தார் தோழர்களே! மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு! பெயர், பதவி, வேலை செய்த வருடம் எல்லாம் தண்ணீராக வந்தது. வயது என்ற இடத்தில் நின்றுவிட்டார். அழப்போகிறார் என்று நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

"தம்பி, இங்க வாங்க. இது ஒண்ணா, ஏழா? அவருக்கு ஆறு வயசைக் குறைச்சிட்டீங்களா? அவரா போட்டாரு இதை?"

"இல்ல அண்ணி, நாங்கதான்."

"அதானே பாத்தேன். பின்னாடி சாயுது. மறுபடி போடுங்க."

மறுபடி போடுவோம், தோழர்களே! அறுபத்தேழு என்று அண்ணி ஒரே மூச்சில் வாசிக்கும்வரை போடுவோம். அதன் பிறகுதான் அந்த எழுத்துருவுக்கு அண்ணன் பெயரை வைப்போம். புள்ளி வைக்க அவர் பென்சில் இருக்கிறது, அதில் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது.

அண்ணி, நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தாளோடு வருகிறோம். அதற்குள் காபியைச் சூடாகக் குடித்து முடித்துவிடுங்கள்!